கல்நார்த் தூசியும் காணாமற்போகும் ஏடுகளும்

யுத்தத்தில் குண்டுபட்டு மாண்ட மாலுமியின் பெயரைக் கல்லிலே பொறிக்கிறார்கள். அதே கப்பலில், நீராவிக் குழாய்க்கு அடியில் நாலு வருஷம் பாய் விரித்துப் படுத்திருந்து, காயம் ஒன்றுமின்றி ஊர் திரும்பி, முப்பது வருஷங்களுக்குப் பிறகு மூச்சு முட்டி மாண்டவனுடைய பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அவனைக் கொன்றது எதிரியின் குண்டன்று. குழாயைச் சுற்றியிருந்த கல்நார். இக்கதை அமெரிக்க, பிரிட்டிஷ் கடற்படைகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. கொங்கு நாட்டில் அதைப் பேச வேண்டிய அவசியம் என்னவென்று வாசகர்கள் கேட்கலாம். கடல் இல்லாத நாடுதான். கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளையைக்கூடச் செக்கிழுக்க வைத்தபோதுதான் கோயம்புத்தூர் கண்டது. ஆயினும் கப்பலிலே மாலுமியைக் கொன்ற அதே தூசி போத்தனூரிலும் உண்டு, பல்லடத்திலும் உண்டு, சங்ககிரியிலும் உண்டு. அதனால் கேடுற்றவர்களைக் கணக்கெடுப்பார் இல்லை என்பதே நமது குறை.

ஆஸ்பெஸ்டாஸ் என்று ஜனங்கள் சொல்லும் கல்நார், பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஒருவகைக் கல். அதைப் பிரித்தால் பஞ்சுபோல் நாராகப் பிரியும். நெருப்பு அதை எரிக்காது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், சிமெண்டோடு குழைத்துத் தகடாக வார்க்கலாம். இவ்வளவு குணமுள்ள பொருளுக்கு ஒரேயொரு குற்றம் உண்டு. அறுத்தாலும் உடைத்தாலும் தேய்த்தாலும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் காற்றில் பறக்கின்றன. சுவாசத்தோடு உள்ளே சென்ற இழையை உடம்பால் எளிதில் கரைக்கவும் முடியாது, கழிக்கவும் முடியாது. நுரையீரல் நாளடைவில் தழும்பேறி இறுகிப் போகிறது. இதுவே கல்நார் நோய். நுரையீரலிலே புற்று உண்டாகலாம். அதை மூடியுள்ள மெல்லிய சவ்வில் மீசோதீலியோமா என்ற கொடிய புற்று தோன்றலாம். அது தோன்றியபின் பெரும்பாலோர் இரண்டு வருஷங்கூட வாழ்வதில்லை. தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே இருபது முதல் ஐம்பது வருஷங்கள் கழிகின்றன. இந்த நீண்ட இடைவெளிதான் முதலாளிகளுக்கும் சர்க்கார்களுக்கும் பெரிய சௌகரியமாக வாய்த்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் நீராவியால் ஓடியவை. பாய்லரையும், டர்பைனையும், மைல் கணக்கில் ஓடும் குழாய்களையும் கல்நாரால் போர்த்தினார்கள். காற்றோட்டமற்ற அறைகளில், ஒரு பழுதைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய போர்வையைப் பிய்த்தெறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தத் தூசியைப் போர்த்துகிறவன் மட்டுமா சுவாசித்தான்? பக்கத்தில் நின்ற தச்சன், கம்பி இணைத்தவன், வெல்டு வைத்தவன், தீ மூட்டியவன் எல்லோருமே சுவாசித்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் டெவன்போர்ட் தளத்திலே ஆராய்ச்சி செய்த டாக்டர் ஹாரிஸ் என்பவர் 1968-ல் இந்த அபாயத்தை எடுத்துக்காட்டினார். அமெரிக்கக் கடற்படையோ 1943-லேயே, தனக்குக் கப்பல் கட்டிய தளங்களுக்கு விடுத்த சுகாதார விதிகளில் கல்நார் நோயைக் குறிப்பிட்டிருந்தது. அறியாமல் செய்த பிழை என்று சொல்வதற்கு இடமில்லை. விதி காகிதத்தில் இருந்தது. யுத்த அவசரத்தில் கப்பல் கடலில் இறங்கியது.

1964-ல் நியூயார்க்கில் டாக்டர் ஸெலிகாப் என்பவரும் அவருடைய சகாக்களும் கல்நார் போர்த்தும் தொழிலாளரின் மரணக் கணக்கை வெளியிட்ட பிறகு, அமெரிக்க நியாயஸ்தலங்களில் வழக்குகள் குவிந்தன. கல்நார் வியாபாரத்தில் முதன்மையாக விளங்கிய ஜான்ஸ்-மான்வில் கம்பெனி 1982-ல் பாப்பர் மனுக் கொடுத்தது. அங்கே கம்பெனிமீது வழக்குப் போட மாலுமிக்கு ஒரு வழியாவது இருந்தது. பிரிட்டிஷ் மாலுமிக்கு அதுவும் கஷ்டம். சேவையில் நேர்ந்த தீங்குக்காகப் படைவீரன் சர்க்கார்மீது நஷ்டஈடு கேட்க முடியாதபடி 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பிரிவொன்று குறுக்கே நின்றது. 1987-ல் அது நீங்கியது. ஆனால் அதற்கு முன் தூசி தின்றவர்களுக்கு அதனால் பயன் இல்லை. மீசோதீலியோமா கண்ட பழைய படைவீரருக்கு 1,40,000 பவுன் ஒரே தொகையாகப் பெற்றுக்கொள்ளும் உரிமை 2016-ல் தான் கிட்டியது. சூரியன் அஸ்தமிக்காத ராஜ்யம் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டவர்கள், தங்கள் சொந்தக் கடற்படையினருக்கு நியாயம் வழங்கிய வேகம் இது.

இனி நமது கடற்படையைப் பார்ப்போம். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கொடியை மாற்றி ஏற்றிய மாலுமிகளின் வீரத்தை நாம் மறக்கவில்லை. சோற்றில் கல், வெள்ளை அதிகாரியின் வாயில் வசை என்று அவர்கள் முறையிட்ட குறைகள் பல. அவர்கள் அறிந்திராத, எனவே முறையிட முடியாத குறை ஒன்று பாய்லர் அறையில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் நமது பெரிய கப்பல்கள் பிரிட்டனில் கட்டப்பட்டவையே. 1961-ல் சேவைக்கு வந்த விக்ராந்தும், 1987-ல் வந்த விராட்டும் நீராவிக் கப்பல்கள். இரண்டும் யுத்த காலத்தில் அஸ்திவாரமிடப்பட்டவை. அக்காலத்துக் கட்டுமானத்தில் கல்நார் இல்லாதிருந்தால்தான் அதிசயம். அவற்றின் எந்திர அறைகளில் உழைத்தவர்களில் எத்தனை பேருக்கு ஓய்வு பெற்ற பின் நுரையீரல் சோதனை நடக்கிறது? பம்பாய்க் கப்பல் தளத்தில் பழுது பார்த்த சிவில் தொழிலாளரின் கதி என்ன? அமெரிக்காவில் மாலுமிகளைப் பற்றிய ஆராய்ச்சிகள் நூலகத்தை நிரப்புகின்றன. இங்கே பேச்சே எழவில்லை.

கப்பல் செத்த பிறகும் அதன் தூசி சாவதில்லை. குஜராத்தின் ஆலங் கடற்கரையில் 1983 முதல் உலகத்துப் பழங்கப்பல்களை உடைத்து வருகிறார்கள். நமது இராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்திலும் ஒரு காலத்தில் இத்தொழில் நடந்தது. பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளெமான்ஸோ ஆலங்கை நோக்கிப் புறப்பட்டபோது, அதில் எவ்வளவு கல்நார் இருக்கிறது என்பதிலேயே தகராறு எழுந்தது. ஆட்சேபம் வலுத்ததும் 2006 பிப்ரவரியில் ஜனாதிபதி ஷிராக் அதைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இங்கிலாந்திலே தக்க பாதுகாப்போடு அது உடைக்கப்பட்டது. நமது விராட் 2020-ல் அதே ஆலங் கரையில் ஏறியது. அதைப் பொருட்காட்சிச் சாலையாக்க வேண்டும் என்ற வாதம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. கப்பலின் கௌரவத்துக்காக வாதாடியவர்கள், உடைக்கிறவனுடைய நுரையீரலுக்காகவும் அவ்வளவு உரக்கப் பேசியிருக்கலாம்.

கப்பலை விட்டுக் கரைக்கு வருவோம். கொங்கு நாட்டுக் கூட்டுறவு ஊழியர்கள் அனைவருக்கும் ராச்டேல் என்ற ஊரின் பெயர் தெரியும். 1844-ல் நெசவாளிகள் சிலர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்த ஊர் அது. அதே ஊரில்தான் டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலையும் இருந்தது. அங்கே கல்நாரை நூலாக நூற்றுக்கொண்டிருந்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல், தமது முப்பத்துமூன்றாம் வயதில், நுரையீரல் தழும்பேறி மாண்டார். வைத்தியர் குக் என்பவர் அவ்வருஷமே அதை வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். கம்பெனி ஒரு காசு கொடுக்க மறுத்துவிட்டது. ஆனால் விஷயம் அடங்கவில்லை. 1930-ல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரு அதிகாரிகள் கல்நார்த் தொழிலாளரைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். 1931-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பிறப்பித்தது.

மூன்றே வருஷம் கழித்து, 1934-ல், டர்னர் அண்டு நியூவாலின் பங்கோடு இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு கம்பெனி ஏற்பட்டது. மத்திய மாகாணத்தில் கைமூர் என்ற இடத்தில் ஆலை எழுந்தது. ராச்டேலில் சட்டமாகிவிட்ட ஜாக்கிரதை கைமூருக்குக் கப்பலேறி வரவில்லை. அந்த விதிகள் பிரிட்டனுக்கு மட்டுமே உரியவை. ஒரே முதலாளி, ஒரே தூசி, நுரையீரலும் ஒன்றே. நாடு மட்டும் அடிமை நாடு. ஏகாதிபத்தியம் என்பது துப்பாக்கியும் வரியும் மட்டும் என்று எண்ணுகிறவர்கள் இந்த மூன்று வருஷ இடைவெளியைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். டர்னர் அண்டு நியூவாலை வாங்கிய அமெரிக்கக் கம்பெனி நஷ்டஈட்டுச் சுமை தாங்காமல் 2001-ல் கோர்ட்டின் பாதுகாப்பைத் தேடியது. இங்கோ அதன் பழைய இந்தியக் கம்பெனி கை மாறி, எவரெஸ்ட் என்ற பெயரில் தொழில் நடத்தி வருகிறது. அதன் ஆலைகளுள் ஒன்று நமது போத்தனூரில் அமைந்தது. அதிலே வேலை செய்தவர்களில் இன்னாருக்கு இந்த நோய் என்று நாம் சொல்ல வரவில்லை. தலைமுறைகளாகக் கல்நார்த் தகடு செய்த ஊரில், அதைச் செய்தவர்களின் உடல்நிலை பற்றிய கணக்கு ஜனங்களின் பார்வைக்கு வந்ததில்லையே, ஏன் என்பதுதான் நமது கேள்வி.

ஆலைக்கு வெளியேயும் விஷயம் பெரியது. விசைத்தறிக் கூடம், கோழிப் பண்ணை, குடியானவனின் களஞ்சியம், ஏழையின் ஒற்றையறை வீடு எல்லாவற்றுக்கும் கல்நார்த் தகடே கூரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று புகுந்தால் சூலூரிலும் பல்லடத்திலும் தகடுகள் பறந்து உடைகின்றன. உடைந்த துண்டைப் பள்ளத்தில் கொட்டி மிதித்துவிடுகிறோம். புதுத் தகட்டை ரம்பத்தால் அறுத்துப் பொருத்தும் கொத்தனாருக்கு முகமூடி ஏது? பஞ்சாலைகளின் பழைய பாய்லர் குழாய்களுக்கும் கல்நார்க் கயிறுதான் சுற்றினார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பிரேக் டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசி தட்டும் பையன், கல்நார் கலந்த லைனிங்கின் தூளைத் தினமும் சுவாசித்து வளர்ந்தவன். போர்க்கப்பலின் பாய்லர் அறைக்கும் இந்தப் பட்டறைக்கும் அளவில்தான் பேதம்.

கல்நார்த் தொழிலை ஆதரிப்போர் சொல்லும் வாதத்தையும் கேட்க வேண்டியதே. இக்காலத்தில் பயன்படுவது வெள்ளைக் கல்நார். அது மற்ற வகைகளைப்போல் கொடியதன்று. சிமெண்டில் கட்டுண்டு கிடப்பதால் தூசி எழாது. ஏழைக்கு இதைவிட மலிவான கூரை கிடையாது. தடை விதித்தால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பர் என்கிறார்கள். சிமெண்டில் கட்டுண்டு சும்மா கிடக்கும்வரை அபாயம் குறைவு என்பது மெய்யே. ஆனால் கூரை சும்மா கிடப்பதில்லை. அதை அறுக்கிறார்கள், துளையிடுகிறார்கள், அது உடைகிறது, மட்குகிறது. வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்மானமாகக் கூறியிருக்கிறது. வேலைத்தலத்தில் சுவாசித்த கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் சாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. மலிவைப் பற்றிய வாதத்துக்கு இவ்வளவு சொன்னால் போதும்: கல்நார் கலவாத நார்ச் சிமெண்டுப் பலகைகளை இந்நாட்டுக் கம்பெனிகளே செய்து விற்கின்றன. விலை சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதலைச் சர்க்கார் தாங்கலாமா என்பதே தீர்க்க வேண்டிய விஷயம். வேலை இழப்பும் அற்பமான விஷயமன்று. மாற்றுச் சரக்குக்கு மாறும் ஆலையில் பழைய தொழிலாளிக்கே முதலிடம் என்று சட்டத்தில் எழுதிவிடலாம்.

பிரிட்டன் 1999-ல் தடுத்தது. ஆஸ்திரேலியா 2003 முடிவில் தடுத்தது. ஐரோப்பிய யூனியன் முழுவதும் 2005-ல். அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடுக்கும் உத்தரவை 2024-ல் பிறப்பித்தது. கானடாவின் கதை விசித்திரமானது. தன் பார்லிமெண்டுக் கட்டிடத்திலிருந்து பெருஞ்செலவில் கல்நாரை அகற்றிக்கொண்டே நமக்கு மூட்டை மூட்டையாக அதை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. அங்கே சுரங்கம் ஓய்ந்து, 2018-ல் தடை வந்தது. நாமும் 1986-லேயே நமது மண்ணில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதுக் குத்தகை கொடுப்பதை நிறுத்தினோம். அந்நிய மண்ணில் வெட்டியதை மட்டும் ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் ருஷ்யா, கஜகஸ்தான், பிரேஸில் முதலிய தேசங்களிலிருந்து தருவித்துக்கொள்கிறோம். வெட்டுவது அபாயம், அறுப்பது அபாயமில்லை என்பது எந்த சாஸ்திரமோ! அபாயகரமான பொருள்களைப் பற்றி இறக்குமதி செய்யும் நாட்டுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்னும் ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்ப்பதற்கு 2011-ல் இந்தியா சம்மதித்தது. 2013-ல் மீண்டும் ஆட்சேபித்தது. பட்டியலில் சேர்ப்பது தடையும் அன்று. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவது மட்டுமே. அதற்கும் நாம் இணங்கவில்லை.

சிறிய நாடு ஒன்று துணிந்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 2018-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அந்நாடு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில் ருஷ்யா, சரக்கில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி, இலங்கைத் தேயிலையை நிறுத்தி வைத்தது. கொழும்பு சர்க்கார் கல்நார்க் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. தேயிலைக்கு வழி திறந்தது. அந்தத் தேயிலையைக் கிள்ளுகிறவர்கள் நமது மலையகத் தமிழர். அவர்களுடைய கூலியைப் பணயமாக வைத்து இன்னொரு தொழிலாளியின் சுவாசம் விலை பேசப்பட்டது. இந்தியா இலங்கையைப்போல் சிறிய நாடன்று. கல்நார் வாங்குவோரில் உலகிலேயே முதல் வரிசையில் நிற்பது. வாங்குகிறவனுக்குள்ள பலம் நமக்கு உண்டு. அதைப் பிரயோகிக்கும் மனம்தான் டெல்லியில் காணோம்.

தடை நாளை வந்தாலும் நேற்றுத் தூசியைச் சுவாசித்தவனுக்கு அதனால் பயனில்லை. அவனுக்குப் பயன்படக்கூடியது 1995 ஜனவரி 27-ல் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பு. ஆமதாபாத்து நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி நிலையம் தொடுத்த வழக்கில் நீதிபதி கே. ராமசாமி எழுதிய அத்தீர்ப்பு, தொழிலாளியின் தேகாரோக்கியம் அரசியல் சட்டம் கொடுத்த உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றது; நோய் ருசுவானால் 1 லட்ச ரூபாய் நஷ்டஈடு என்றது; வேலையை விட்டபின் வெளிப்படும் நோய்க்கும் பொறுப்பு உண்டு என்றது. எல்லாவற்றிலும் முக்கியமாக, கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவருடைய வைத்திய ஏட்டையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமோ, ஓய்வு பெற்றதிலிருந்து 15 வருஷமோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2011-ல் அதே கோர்ட்டு கல்நாரை அடியோடு தடுக்கக் கோரிய மனுவைத் தள்ளிவிட்டது. ஆனால் 1995-ஆம் வருஷத்துக் கட்டளைகளை ரத்து செய்யவில்லை.

கட்டளை இருக்கிறது. சட்டத்தின் அட்டவணையிலும் இடம் இருக்கிறது. தொழிலால் வரும் நோய்கள் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் எழுதிய அட்டவணையில், பஞ்சாலைத் தொழிலாளருக்குப் பழக்கமான பஞ்சுத் தூசி நோயும் கல்நார் நோயும் அருகருகே நிற்கின்றன. பழைய தொழிற்சாலைச் சட்டத்துக்கு மாற்றாக 2020-ல் பார்லிமெண்டு இயற்றிய தொகுப்பிலும், வைத்தியர் கண்டவுடன் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் கல்நார் நோய் உண்டு. இவ்வளவு இருந்தும் காரியம் எங்கே நின்றுவிடுகிறது? ஆஸ்பத்திரிச் சீட்டிலே. இருமி மூச்சு வாங்கும் அறுபது வயதுக்காரரிடம், முப்பது வயதில் என்ன வேலை செய்தீர் என்று கேட்கும் வைத்தியர் அபூர்வம். காசம் என்றோ, பீடிப் புகை என்றோ எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எழுதப்படாத நோய் அறிவிக்கப்படுவதில்லை. அறிவிக்கப்படாத நோய்க்கு நஷ்டஈடு இல்லை. பிறகு சட்டசபையில் யாரேனும் கேட்டால், அப்படிப்பட்ட நோயாளிகள் மிகச் சிலரே என்று மந்திரி பதில் சொல்லலாம். அந்தப் பதில் பொய்யாகவும் இராது.

சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இன்று வைத்தியக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஸ்தாபனம். மார்பு நோய்க்கு வருகிற ஒவ்வொருவரிடமும் பழைய தொழிலைக் கேட்டெழுதும் வழக்கத்தை அங்கே ஏற்படுத்தப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. ஓர் உத்தரவு போதும். ஐந்து வருஷமேனும் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் மனைவிக்கும் வைத்திய வசதி பெறலாம். இது தெரிந்த தொழிலாளர் எத்தனை பேர்? கான்ட்ராக்டில் வேலை செய்தவர்களுக்கு இதுவும் இல்லை. அவர்கள் ஆலையில் இருந்தார்கள் என்பதற்குக் கூட வேலை செய்தவரின் வாய்மொழியைத் தவிர வேறு ருசு கிடைப்பது அரிது. கொங்கு ஜில்லாக்களுக்குத் திரும்பியிருக்கும் பழைய கடற்படையினரின் நிலை இவ்விதத்தில் மேல்: எந்தக் கப்பலில் எந்த அறையில் எவ்வளவு காலம் என்பது அவர்களுடைய சேவைப் பத்திரங்களில் இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் அவற்றைத் திரட்டி, எந்திர அறையில் உழைத்தவர்களுக்கு நுரையீரல் சோதனை கேட்கலாம்.

தொழிற்சங்க ஊழியர்களுக்கு ஒரு கணக்கை மட்டும் நினைவூட்டுகிறோம். 1985-ல் கல்நார் ஆலையில் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றவருடைய 40 வருஷமும் 15 வருஷமும் 2025-ல் ஒன்றாக முடிகின்றன. அதன்பின் அவருடைய ஏட்டைக் காக்கும் கடமை ஆலைக்கு இல்லை. பழைய காகிதக்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்தாலும் கேட்பாரில்லை. அவருக்கு நோய் வெளிப்படும் காலமோ அப்போதும் முடிந்துவிடுவதில்லை. அவருக்குப் பின் சேர்ந்தவர்களுக்குத் தவணை இன்னும் இருக்கிறது. போத்தனூரில் வேலை செய்தவர்கள் தத்தம் ஏட்டின் பிரதியைக் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி, தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும்.

ஏடே இல்லையென்று ஆலை பதில் சொல்லுமானால், அந்தப் பதில் கடிதமே கோர்ட்டில் தாக்கல் செய்யத்தக்க முதல் ஆதாரம்.